விருந்துக் கள்ளும் கடன் சாராயமும்

மலையக மக்களைப் பற்றிய கதைகளில் தீபாவளி வந்துவிட்டால் கூடவே சாராயப் போத்தலும் வந்துவிடுகிறது. தகப்பன் குடித்துவிட்டு லயத்து வாசலில் விழுந்து கிடப்பான். மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். புத்தாடை கிடைக்காத குழந்தை மூலையில் விழித்துக்கொண்டு நிற்கும். கதையை மூடிவைத்துவிட்டு வாசகர் பெருமூச்சு விடுவார். இந்தக் காட்சி பொய்யென்று எவரும் சொல்லிவிட முடியாது. ஸ்பிரிங்வெளியிலும் பதுளையைச் சூழ்ந்த ஏனைய தோட்டங்களிலும் நாம் கண்ணாரக் காண்பதுதான் அது. ஆனால், ஒரு காட்சி மெய்யாக இருப்பதனாலேயே அது யதார்த்த இலக்கியமாகிவிடுமா?

நமது விமர்சகர்கள் இக்காட்சியை இருவேறு விதமாகவே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒழுக்கத்தைப் பெரிதாகப் போற்றும் ஒரு சாரார், தொழிலாளியின் வறுமைக்கு அவனது குடியே காரணம் என்று தீர்ப்புக் கூறிக் கதையை ஒரு மதுவிலக்குப் பிரசங்கமாகச் சுருக்கிவிடுகிறார்கள். கூலியை உயர்த்தினால் அதையும் குடித்தே தீர்ப்பார்கள் என்று முதலாளி சார்பில் காலங்காலமாகப் பேசப்பட்டுவரும் வாதத்துக்கு இவர்கள் தம்மையறியாமலே துணைபோகிறார்கள். மற்றொரு சாரார் நம்மவர்கள். 1950களிலும் 1960களிலும் ஈழத்தில் மண்வாசனை பற்றிய விவாதம் சூடுபிடித்திருந்தபோது, தவறணையும் கள் முட்டியும் குடிகாரனின் கொச்சையும் இடம்பெற்றாலே அது மக்கள் இலக்கியம் என்றொரு மயக்கம் தோன்றிற்று. அந்த மயக்கம் இன்னும் முற்றாகத் தெளிந்தபாடில்லை.

இரு சாராரும் கேட்க மறந்த கேள்விகள் மூன்று. பண்டிகை நாளில் அவன் யாரோடு குடித்தான்? அந்தப் போத்தலுக்கான பணம் எங்கிருந்து வந்தது? குடித்த இடத்திலிருந்து எழுந்து தன் ஊருக்கும் சுற்றத்தாரிடமும் அவனால் போக முடியுமா? இவற்றுள் மூன்றாவது கேள்வியே தலையாயது என்பது எனது கருத்து. இது மேல்நாட்டிலிருந்து இறக்குமதி செய்த கேள்வியன்று. நமது பழைய பாட்டுகளே இதை எழுப்பியிருக்கின்றன.

முடத்தாமக் கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். வறுமையோடு வந்த பொருநன் ஒருவன் கரிகாலனின் அரண்மனையில் விருந்துண்கிறான். கள் வார்க்க வார்க்கக் குறையவில்லை. இரவும் பகலும் இறைச்சியைத் தின்று தின்று, கொல்லையை உழுத கொழுவைப்போல அவனுடைய பல் மழுங்கிப்போகிறது. இந்த வருணனையை நம் ஆசிரியர்கள் வகுப்பில் சுவைபடச் சொல்வார்கள். ஆனால் பாட்டின் உயிர் அதற்குப் பிறகுதான் வருகிறது. எங்கள் பழைய ஊருக்குத் திரும்ப விரும்புகிறோம் என்று அந்தக் கலைஞன் மெல்ல வாய்திறக்கிறான். எம்மை விட்டுப் போகிறீர்களா என்று மன்னன் சினந்தவன்போலப் பார்க்கிறான். பிறகு பரிசில் தந்து, ஏழடி பின்னால் நடந்து வந்து வழியனுப்புகிறான். வயிறு நிறைந்த போதிலும் ஊர் நினைவு அழியவில்லை. அந்த நினைவை வாய்விட்டுச் சொல்லும் உரிமை இருந்தது. சொன்னவனை வழியனுப்பும் கடப்பாடு விருந்தளித்தவனுக்கு இருந்தது. விருந்து என்ற சொல்லுக்குரிய முழுப்பொருளும் அந்த ஏழடியில் இருக்கிறது.

எனினும் பழைய காலத்தைப் பொற்காலமாக்கிப் பாராட்டுவது நமது வேலையாகாது. புறநானூற்றில் மூன்றுவகைக் கிண்ணங்கள் இருக்கின்றன. அதியமான் இறந்தபின் ஒளவையார் பாடிய 235ஆம் பாட்டில் இருப்பது பங்கிட்ட கிண்ணம். கள் சிறிதளவே கிடைத்தால் அவன் தான் குடியாமல் எங்களுக்குத் தந்துவிடுவான்; நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து குடிப்பான் என்று அந்தப் பெண் புலவர் நினைந்து அழுகிறார். அதே பெயரில் வரும் 290ஆம் பாட்டில் இருப்பது வேறொரு கிண்ணம். இந்த வீரனுக்குக் கள்ளை முதலில் கொடுத்துவிட்டு நீ குடி என்று தலைவனிடம் சொல்லப்படுகிறது. காரணம் என்ன? இவனுடைய பாட்டன் உன் பாட்டனுக்காகப் போரில் வேல்களைத் தன்மேல் ஏந்தி இறந்தான். இவனும் மழைக்குப் பிடித்த ஓலைக்குடைபோல உனக்காக நின்று வேல் தாங்குவான். அந்தக் கள் உயிருக்குக் கொடுத்த முற்பணம். 56ஆம் பாட்டில் மூன்றாவது கிண்ணம். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மதுவை, வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, நீ நாள்தோறும் குடித்து இனிது இருப்பாயாக என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். அங்கே பந்தியுமில்லை, பங்குமில்லை. கடல் கடந்து வந்த சரக்கு மன்னன் ஒருவனுக்கே உரியதாகிவிட்டது.

வீரயுகத்தில் விருந்து என்பது தலைவனையும் வீரரையும் பிணைத்த கயிறு. அந்தச் சமுதாயத்தின் அமைப்பை விளக்கி 1968இல் ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூல் வெளியிட்ட பேராசிரியர் கைலாசபதி, பாட்டுகளை அவை பிறந்த சமூக உறவோடு சேர்த்து வாசிக்கும் வழியை நமக்குக் காட்டித் தந்தார். அவ்வழியே சென்றால், கள்ளில் நன்மையோ தீமையோ தனியாக இல்லை. யார் தருகிறான், யார் பெறுகிறான், பெற்றவன் பிறகு என்ன ஆகிறான் என்பதில்தான் இருக்கிறது என்பது விளங்கும்.

திருவள்ளுவர் இந்த வழக்கில் எதிர்ப்பக்கத்துச் சாட்சி. கள்ளுண்ணாமை அதிகாரத்தை மலையகப் பாடசாலையில் கற்பிப்பது எளிய காரியமன்று. எதிரே அமர்ந்திருக்கும் மாணவர் சிலர், அந்தக் குறட்பாக்களில் தம் தகப்பனின் முகத்தையே காண்கிறார்கள், தலைகுனிந்து கொள்கிறார்கள். அறநூல் என்ற மதிப்பு கருதி அந்தத் தலைகுனிவைக் கண்டும் காணாமல் மேலே செல்வது ஆசிரியத் தொழிலுக்கு அழகாகாது. அவர்கள் கண்ணில் படவேண்டிய குறள் ஒன்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. குடித்த களிப்பு, பெற்ற தாயின் முகத்துக்கே துன்பம் தருமானால் சான்றோர் முகத்துக்கு என்னவாகும் என்று வள்ளுவர் கேட்கிறார். அரசனின் தண்டனையையோ நரகத்தையோ அவர் முதலில் காட்டவில்லை. தாயின் முகத்தைக் காட்டுகிறார். மனிதனைத் தடுத்து நிறுத்தும் வேலி அவனுடைய சுற்றத்தின் கண்களே என்பது இதன் கருத்து. அப்படியானால், அந்த முகத்தை ஒரு கடலுக்கு அப்பால் பிரித்து நிறுத்திவிட்டு, பிறகு அவனுடைய ஒழுக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தவர்கள் யார்? இந்தக் கேள்வியோடு அதிகாரத்தைக் கற்பித்தால் குனிந்த தலைகள் நிமிரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் திரும்ப முயன்றவர்கள். 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழியத் தொடங்கி, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தபோது ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் தேவைப்பட்டன. குடும்பங்களும் வந்தன; ஆனால் சுற்றம் முழுவதும் வரவில்லை. தாயும் தங்கையும் குலதெய்வமும் திருச்சி, சேலம், திருநெல்வேலிச் சீமைகளில் நின்றுவிட்டன. ஊரை விட்டுப் புறப்படும்போதே கங்காணி கொடுத்த முற்பணம் கணக்கில் ஏறிற்று. தோட்டம் மாறவேண்டுமானால் அவன் பேரிலுள்ள கடனைக் குறித்த 'துண்டு' வேண்டும். அந்தக் கடனைப் புதிய தோட்டத்தார் ஏற்றால்தான் அவன் அடி எடுத்து வைக்கலாம். 1921 வரை இம்முறை நீடித்தது. முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். கரிகாலன் ஏழடி பின்னே நடந்து வழியனுப்பினான். இங்கே புறப்பட்டுப் போனவனின் பின்னால் பிடியாணை நடந்தது.

இந்த மனிதர்களின் கூடவேதான் சாராயமும் மலையேறியது. கடலோரத் தென்னையிலிருந்து வடித்த சாராயத்தை விற்கும் உரிமையைக் குடியேற்ற அரசு பிரதேசம் பிரதேசமாக ஏலம்விட்டது. உயர்ந்த விலை கேட்டவன் குத்தகைக்காரன் ஆனான். அவன் தவறணைகளைத் திறந்தான். போட்ட முதலை எடுக்கவேண்டுமானால் குடிப்போர் தொகை பெருகவேண்டும். தோட்டங்களுக்கு அண்மையில் பெருங்கூட்டமாகத் திரண்டிருந்த, கையில் சிறிது காசும் மனத்தில் பெரிய வெறுமையும் கொண்ட உழைப்பாளிகளைவிட நல்ல வாடிக்கையாளர் யார்? இலங்கை முதலாளி வர்க்கத்தின் தோற்றத்தில் சாராயக் குத்தகை வகித்த பெரும் பங்கைக் குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளியிட்ட தமது நூலில் சான்றுகளோடு நிறுவியிருக்கிறார். தொழிலாளி குடித்துக் கெட்டான் என்று எழுதும் கதாசிரியர், அவன் குடித்ததனால் எழுந்த மாளிகைகளையும் ஒரு வரியில் காட்டவேண்டாமா?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கொடுமையன்று. தென்னாபிரிக்காவின் கேப் பிரதேசத்துத் திராட்சைத் தோட்டங்களில், அடிமைக் காலம் தொட்டே, உழைப்பாளிகளுக்குக் கூலியின் ஒரு பகுதியாக நாளில் பலமுறை வைன் ஊற்றிக்கொடுக்கும் வழக்கம் இருந்தது. சட்டம் தடுத்த பின்னரும் அது நெடுங்காலம் தொடர்ந்தது. தாயின் குடியால் கருவிலேயே ஊனமுற்ற குழந்தைகள் அந்தப் பிரதேசத்தில் இன்றும் மிகுந்து காணப்படுகிறார்கள். பழத்தைப் பறித்த கைக்கே அதன் கழிவு மதுவைக் கூலியாக நீட்டிய இந்த முறைக்கும், தீபாவளி முற்பணத்துக்கும் ஒரு குடும்ப ஒற்றுமை உண்டு. பண்டிகைக்கு முன்பு தோட்டம் கொடுக்கும் முற்பணம், பண்டிகை முடிந்த பின் மாதாமாதம் சம்பளத்தில் கழிக்கப்படுகிறது. சேலையும் பலகாரமும் பங்கு இறைச்சியும் போத்தலும் எல்லாம் நாளைய உழைப்பை இன்றே அடகு வைத்து வாங்கியவை. விருந்தளிப்பவனும் விருந்தாளியும் கடனாளியும் ஒருவனேயாகிய அதிசயப் பந்தி இது!

இங்கே மாக்சிம் கார்க்கியின் 'தாய்' நாவலை நினைவுகூர்வது பொருந்தும். ரகுநாதனின் தமிழாக்கத்தில் அதை வாசித்து வளர்ந்த தலைமுறைகள் நம்மிடையே பல. ஆலைச் சங்கும் அழுக்குத் தெருவும் மட்டுமல்ல, ஓய்வுநாளின் குடியும் அந்நாவலின் தொடக்கத்திலேயே வருகிறது. பூசைக்குப் போய்த் திரும்பியவர்கள் மாலையில் குடிக்கிறார்கள், காரணமில்லாமல் ஒருவரையொருவர் அடிக்கிறார்கள், வீட்டுக்குப் போய் மனைவியை அடிக்கிறார்கள். தகப்பன் செத்த சில நாட்களில் மகன் பாவெலும் தள்ளாடிக்கொண்டு வருகிறான். இந்த இடத்தில் சாதாரண எழுத்தாளன் ஒருவன் தாயை அழவைத்துக் கதையை முடித்திருப்பான். கார்க்கியோ தாயின் முகத்தை மகனுக்கு எதிரே நிறுத்துகிறார். பாவெல் அதற்குப் பிறகு புத்தகங்களோடு வருகிறான், தோழர்களோடு வருகிறான். அதே சிறு வீட்டில், குடித்த மேசையிலேயே சமோவார் கொதிக்கிறது; எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டு பேசுகிறார்கள். கூடி அருந்தும் ஆசையைக் கார்க்கி ஒழிக்கவில்லை. அதற்கு வேறொரு பந்தியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அந்தப் பந்தியில் முதன்முறையாகத் தாய்க்கும் ஓர் ஆசனம் கிடைத்தது. நாவலின் பெருமை இதில்தான் தங்கியிருக்கிறது. உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுக்கும் மக்களைப் பற்றி எழுதும் நாம், அவர்கள் கூடி அமரும் தேநீர்ப் பந்தி ஒன்றை எத்தனை கதைகளில் காட்டியிருக்கிறோம்?

நமது படைப்புகள் அனைத்தும் இந்தக் குறைக்கு ஆளானவை என்று சொல்வது நீதியாகாது. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் மருதியைத் திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது, ஊரின் பண்ணைக் கொடுமையையும் தோட்டத்தின் துரைக் கொடுமையையும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகளாகக் கண்டார். சி. வி. வேலுப்பிள்ளை 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற தொகுப்பை வெளியிட்டபோது, ஆள்கட்ட வந்த கங்காணியின் ஆசைமொழியும் ஏமாந்தவர்களின் ஏக்கமும் மக்களின் சொந்தக் குரலிலேயே நமக்குக் கிடைத்தன. பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் 1934இல் பிறந்து, தான் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், 'மீன்கள்' என்ற சிறுகதையில் ஒற்றைக் காம்பிராவின் நெருக்கடி ஒரு குடும்பத்தின் மானத்தை எந்த விளிம்பில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்று காட்டினார். அக்கதையில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது எந்த மனிதனுமல்லன், அந்தக் காம்பிராதான். தனிமனிதனின் இழிவைச் சொல்லும் சாக்கில் அவனை இழிவுபடுத்தாமல், இழிவைப் படைத்த ஏற்பாட்டை அம்பலப்படுத்துவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம்மிடம் இல்லை.

ஆனால் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலையை எழுதிய எங்கெல்ஸ், அவர்களுடைய குடிக்கு அவர்களை அந்நிலைக்குத் தள்ளியவர்களே பொறுப்பு என்று வாதிட்டார். அந்த வாதம் சரியானது. அதை நம்மவர் சிலர் குடிக்கு மன்னிப்புச் சீட்டாக எடுத்துக்கொள்வதுதான் தவறு. சூழ்நிலையைக் குற்றம் சாட்டுகிற எழுத்தாளன், அந்தச் சூழ்நிலையின் அடியைத் தன் முதுகில் தாங்குகிறவள் யார் என்பதை மறந்துவிடக்கூடாது. தீபாவளியன்று மலைமேல் கூடையோடு ஏறாத பெண், விடிவதற்கு முன்பே அடுப்படியில் ஏறிவிடுகிறாள். பலகாரம் சுட்டதும் அவளே. ஆட்டிறைச்சியைச் சமைத்ததும் அவளே. ஆண்கள் வட்டமாக அமர்ந்து குடித்த கிளாசைக் கழுவியதும் அவளே. இரவில் உதைபட்டதும் அவளே. தவணை கழியும் மாதங்களில் வீட்டுச் செலவைச் சமாளிப்பதும் அவளே. முதல்முதல் பங்கிட்ட கிண்ணத்தைப் பற்றிப் பாடி அழுதவர் ஒரு பெண் என்பதை எண்ணிப் பார்த்தால், நம் காலத்துப் பந்தி எவ்வளவு சுருங்கிவிட்டது என்பது தெரியும். ஒளவை அமர்ந்திருந்த பந்தியில் இன்று அவளுக்கு இடமில்லை. பெண்ணை வெளியே நிறுத்திவிட்டு ஆண்கள் நடத்தும் தோழமையைச் சமத்துவம் என்று புகழும் கதையை முற்போக்குக் கதையென்று நாம் ஏற்கத் தேவையில்லை.

பிரிவும் பழைய கதையாகிவிடவில்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அதியமான் கள்ளைப் பங்கிட்டான். அரசுகள் மனிதரைப் பங்கிட்டன. அண்ணனுக்கு ஒரு நாடும் தம்பிக்கு ஒரு நாடும் வாய்த்தன. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தார்கள். அக்கரையில் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டவர்களுக்கு, இக்கரைச் சுற்றம் இல்லாத முதல் தீபாவளி எப்படி விடிந்திருக்கும்? 1984இல் கப்பலும் நின்றுபோயிற்று. தமிழ்நாட்டு அரசோ 2003 முதல் டாஸ்மாக் மூலம் மதுவின் சில்லறை விற்பனையைத் தானே எடுத்து நடத்துகிறது. தீபாவளி விற்பனை இத்தனை நூறு கோடி என்பது ஆண்டுதோறும் பத்திரிகைகளில் பண்டிகைச் செய்திகளில் ஒன்றாக வருகிறது. ஏலத்தில் குத்தகை எடுத்தவன் இருந்த இடத்தில் இப்போது அரசே அமர்ந்திருக்கிறது.

இங்கேயும் லயத்து இளைஞர்கள் கொழும்பில் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்கிறார்கள். பண்டிகைக்கு முதல்நாள் பதுளைக்கு வரும் ரயிலும் பஸ்ஸும் நிரம்பி வழிகின்றன. முதலாளி லீவு கொடுக்காதவர்கள் பின்தங்கிவிடுகிறார்கள். நமுனுகுல மலையடிவாரத்தில் வெடிச்சத்தம் கேட்கும் அதே இரவில், தலைநகரின் ஏதோ ஒரு வாடகை அறையில் நாலைந்து பேர் பார்சல் சோற்றைப் பிரித்து நடுவில் ஒரு போத்தலை வைத்து அமர்ந்திருப்பார்கள். ஒருவன் பதுளை, ஒருவன் ஹட்டன், ஒருவன் மாத்தளை. ஊருக்குப் போன் எடுத்துப் பேசி முடித்ததும் சிறிது நேரம் எவரும் பேசமாட்டார்கள். பிறகு கையிலுள்ளதைச் சமமாக ஊற்றுவார்கள்; இறைச்சித் துண்டை இல்லாதவனின் பக்கம் தள்ளிவைப்பார்கள். அந்தச் சிறு செய்கையில் அதியமானின் பழைய பங்கு சற்றே தலைகாட்டுகிறது என்பதை மறுக்கும் விமர்சகன் மனிதரை அறியாதவன். அந்த அளவிலேயே மயங்கி நின்று, அவர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள், விடுமுறையை யார் மறுத்தார்கள், வெளிநாட்டு வீடொன்றில் பணிப்பெண்ணாயிருக்கும் தாயின் முகத்தைத் திரையில் மட்டுமே பார்க்கும்படி ஆனது எதனால் என்று கேட்காமல் விடுகிற எழுத்தாளன் சமுதாயத்தை அறியாதவன்.

ஆகவே பண்டிகைக் குடியைச் சித்திரிக்கும் கதையோ நாவலோ நம் கைக்கு வரும்போது, அதில் குடி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது விமர்சனமாகாது. குடிகாரன் திருந்தினானா என்று பார்ப்பதும் போதாது. அந்தப் பந்தியில் இல்லாதவர்கள் யார் என்பதை அந்தப் படைப்பு நமக்கு உணர்த்துகிறதா? ஊற்றப்பட்ட துளி யாருடைய கணக்கில் வரவாயிற்று என்று காட்டுகிறதா? அமர்ந்திருப்பவர்களுக்கு எழுந்து போகும் உரிமை உண்டா என்று கேட்கிறதா? இம்மூன்றுக்கும் இடம்கொடுத்த படைப்பு, குடியைப் பற்றிய கதை என்ற எல்லையைத் தாண்டி உழைப்பைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடும். இன்று எழுதத் தொடங்கியிருக்கும் மலையக மாணவர்களுக்கு இந்த அனுபவத்தைக் கடன் வாங்கவேண்டிய தேவையில்லை; அது அவர்களுடைய வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அவர்கள் வெட்கத்தால் அதை மறைக்கவும் வேண்டாம், வாசகரின் இரக்கத்துக்காக அதை விற்கவும் வேண்டாம். தகப்பனின் கிளாசையும் தாயின் கையையும் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதட்டும். அப்படி எழுதப்படும் கதைகளுக்காகவே நமது பத்திரிகைகள் இடம் ஒதுக்கிக் காத்திருக்க வேண்டும்.